இறாலும் பெண்களின் கைகளும்

ஸ்பானிய மொழி பேசும் நாடுகளின் சமையலறைகளில் இருந்து நாம் அறிந்துகொள்ளக்கூடியவை

முல்லைத்தீவுக் கரையோரக் கிராமம் ஒன்றில் மாதர் சங்கக் கூட்டம். காயவைத்த இறாலைச் சிறு பொதிகளாக்கி விற்கும் பதினொரு பெண்கள் வந்திருந்தார்கள். கரும்பலகையில் செலவுக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தோம். இறால் வாங்கிய விலை, உப்பு, விறகு, பொலித்தீன் பை, பஸ் காசு என்று ஒவ்வொன்றாகச் சொன்னார்கள். ‘கூலி’ என்ற வரிக்கு வந்ததும் எல்லோரும் பேசாமல் இருந்துவிட்டார்கள். பிறகு ஒரு மூத்த அம்மா சிரித்தபடி சொன்னார்: “எங்கட கூலியை ஆர் பிள்ளை கணக்கில போடுறது? இறால் அவிக்கிறதும் கோது கழட்டுறதும் ஒரு தொழிலே? அம்மம்மா காலத்தில இருந்து செய்யிறதுதானே.”

அந்த வரியை அன்று வெறுமையாகவே விட்டுவிட்டு வந்தேன். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அம்மம்மா காலத்தில் இருந்து செய்துவருவதால் ஒரு வேலை மதிப்பற்றதாகிவிடுமா? சமூகவியல் படித்த காலத்தில் இருந்தே உணவும் பெண்களின் உழைப்பும் பற்றிய நூல்களைத் தேடி வாசிப்பது என் வழக்கம். அவ்வாறு வாசித்தபோது, நம்மைப் போலவே இறாலை நம்பி வாழும் பெண்களை ஸ்பானிய மொழி பேசும் நாடுகளில் கண்டேன். அவர்களுடைய அடுப்பங்கரைகளை இக்கட்டுரையில் உங்களுக்கு அறிமுகப்படுத்த விரும்புகிறேன்.

ஒரே மொழி, பல அடுப்புகள்

ஸ்பானிய மொழி ஸ்பெயினில் மட்டும் பேசப்படுவதில்லை. மெக்சிக்கோ முதல் ஆர்ஜென்டினா வரை ஏறத்தாழ இருபது நாடுகளில் அது அரச கரும மொழியாக உள்ளது. 1492இல் கொலம்பஸ் அமெரிக்கக் கண்டத்தின் தீவுகளை அடைந்ததைத் தொடர்ந்து, ஸ்பானியப் படைகள் அந்நிலங்களை ஒவ்வொன்றாகக் கைப்பற்றின. வென்றவர்களின் மொழி அங்கே நிலைத்துவிட்டது. எனினும் தோற்கடிக்கப்பட்ட மக்களின் அடுப்பு அணையவில்லை. சோளம், மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு ஆகிய அனைத்தும் அந்த மண்ணின் பூர்வீக மக்கள் பயிரிட்டு வளர்த்தவை. நமது குழம்புக்கு நாம் இடும் செத்தல் மிளகாய்கூட அங்கிருந்து போர்த்துக்கேயர் மூலம் நமது பக்கத்துக்கு வந்ததுதான். அதற்கு முன்பு நமது பாட்டிமார் உறைப்புக்கு மிளகையே நம்பியிருந்தார்கள்.

எனவே அந்நாடுகளில் ‘இறால் கறி’ என்று ஒரே ஒரு கறி கிடையாது. ஸ்பானியரின் உள்ளியும் ஒலிவ் எண்ணெயும், பூர்வீக மக்களின் சோளமும் மிளகாயும், அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆபிரிக்க மக்களின் கைப்பக்குவமும் இடத்துக்கு இடம் வெவ்வேறு அளவில் கலந்துள்ளன.

காதிஸ்: கூனி இறாலும் கடலை மாவும்

முதலில் ஸ்பெயினின் தென்கரைக்குப் போவோம். அங்கே காதிஸ் என்ற பழைய துறைமுக நகரம் இருக்கிறது. அதைச் சூழ்ந்த உப்பளங்களிலும் சேற்று நிலங்களிலும் நமது கூனி இறாலை ஒத்த மிகச் சிறிய இறால் கிடைக்கிறது. அதன் கோதைக் கழற்ற முடியாது. கழற்றினால் ஒன்றும் மிஞ்சாது. ஆகவே கோதுமை மாவையும் கடலை மாவையும் தண்ணீர்விட்டு ஐதாகக் கரைத்து, அரிந்த வெங்காயமும் பார்ஸ்லி இலையும் சேர்த்து, அந்த இறாலை முழுதாகவே போட்டு எண்ணெயில் மெல்லிய தட்டாகப் பொரித்தெடுக்கிறார்கள். ‘தோர்த்தியீத்தா’ என்பது அதன் பெயர். காலிமுகத்திடலில் விற்கும் இறால் வடையை உண்டவர்களுக்கு அந்தச் சுவையைப் பற்றி அதிகம் விளக்கத் தேவையில்லை.

விலை போகாத சிறிய இறாலையும் கொஞ்ச மாவையும் கொண்டு பல வயிறுகளை நிரப்புவதற்கு ஏற்ற பலகாரம் இது. இன்று அது காதிஸ் நகரின் அடையாளமாகவே மாறிவிட்டது. உணவகங்களில் உல்லாசப் பயணிகள் அதைக் கேட்டு வாங்கி உண்கிறார்கள். வசதி குறைந்த குசினியின் சிக்கனமும் ஒரு கைத்திறன்தான் என்பதை இங்கே காண்கிறோம்.

மெக்சிக்கோ: வாளியோடு தெருவுக்கு வந்த பெண்கள்

மெக்சிக்கோவின் பசிபிக் கரையில் சினலோவா என்ற மாநிலம் இருக்கிறது. இறாலுக்குப் பேர்போன இடம். இங்கே களப்புகளில் பிடிக்கும் இறாலை உப்புநீரில் அவித்து வெயிலில் காயவைக்கிறார்கள். நாம் செய்வதும் ஏறத்தாழ இதுதான். காய்ந்த இறாலை மிளகாயோடு கொதிக்கவைத்துச் சாறு வைப்பார்கள். கத்தோலிக்க மக்கள் இறைச்சி உண்ணாத தவக்காலத்தில், அதை இடித்துத் தூளாக்கி முட்டையோடு அடித்து அடைகளாகப் பொரித்து மிளகாய்க் குழம்பில் இடுவார்கள்.

அம்மாநிலத்தின் எஸ்குயினாப்பா என்ற ஊரில் ‘தாடிக்காரத் தமால்’ என்று ஒரு பண்டம் உண்டு. தமால் என்பது அரைத்த சோள மாவைச் சோளப் பொத்தியின் மடலில் பொதிந்து ஆவியில் அவிக்கும் உணவு. நமது இலைக்கொழுக்கட்டை போன்றது. அதனுள் தலையோடும் மீசையோடும் முழு இறாலை வைத்துக் கட்டுவார்கள். மீசை வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால்தான் அந்தப் பெயர்.

இவ்வளவு சமையலுக்கும் இறால் எங்கிருந்து வந்தது, யார் கொண்டுவந்து விற்றார்கள் என்பதுதான் நாம் அறியவேண்டிய விடயம். மெக்சிக்கோவில் 1992 வரை இறால் பிடிக்கும் உரிமை கூட்டுறவுச் சங்கங்களுக்கு மட்டுமே சட்டப்படி ஒதுக்கப்பட்டிருந்தது. அச்சங்கங்களின் உறுப்பினர்கள் பெரும்பாலும் ஆண்களே. ஆனால் சினலோவாவின் தென்பகுதிக் கிராமப் பெண்கள் மீனவர்களிடம் இறாலை வாங்கி, வாளிகளில் நிரப்பி, மசத்லான் நகரத்துக்குக் கொண்டுபோய் விற்றார்கள். பிள்ளைகளின் சாப்பாடும் படிப்பும் அந்த வாளியில்தான் தங்கியிருந்தன. சட்டத்தின் பார்வையில் அது கள்ள வியாபாரம். அதிகாரிகள் அவர்களைத் துரத்தினார்கள். இறாலைப் பறிமுதல் செய்தார்கள். சிலரைச் சிறையிலும் அடைத்தார்கள்.

அப்பெண்கள் பின்வாங்கவில்லை. தனித்தனியாக ஓடி ஒளிந்தவர்கள் ஒன்றுசேர்ந்து தமக்கென அமைப்பை உருவாக்கினார்கள். தெருவில் இருந்து விற்கும் உரிமையைப் போராடிப் பெற்றார்கள். இன்று மசத்லானில் அக்கீலெஸ் செர்தான் என்னும் வீதியில் ‘சாங்கேராஸ்’ என அழைக்கப்படும் அப்பெண்களின் இறால் சந்தை நகரம் அறிந்த இடம். நிழற்குடைகளின் கீழே, ஐஸ் போட்ட பாத்திரங்களில் இறாலைத் தரம் பிரித்து வைத்திருப்பார்கள். வாங்கிய இறாலை அருகில் உள்ள கடையில் கொடுத்துச் சமைப்பித்து உண்ணலாம். மரியா குரூஸ் தோரெஸ் என்ற மானிடவியலாளர் இப்பெண்களோடு நீண்டகாலம் பழகி, அவர்களுடைய உழைப்பைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய நூல் 2023இல் வெளிவந்தது. ஒரு காலத்தில் கள்ளக் கடத்தற்காரிகள் எனப்பட்டவர்கள் இன்று ஆய்வு நூலுக்கு உரியவர்களாகியிருக்கிறார்கள்.

அரெகிப்பா: அம்மிக்குக் கிடைத்த மரியாதை

இனித் தெற்கே பெரு நாட்டுக்குப் போவோம். மலைகளுக்கு நடுவே உள்ள அரெகிப்பா நகரில் கடல் இறாலுக்குப் பதிலாக ஆற்று இறாலே பெயர்பெற்றது. ஒக்கோஞா, மாஹெஸ், தம்போ ஆகிய ஆறுகளில் அது கிடைக்கிறது. அதைக் கொண்டு ‘சூப்பே’ என்ற கூழைக் காய்ச்சுகிறார்கள். உருளைக்கிழங்கு, துண்டு போட்ட சோளப் பொத்தி, அவரையினப் பருப்பு, பூசணி, அரிசி என்பன முதலில் வேகும். அரைத்த மிளகாய், பால், பாற்கட்டி, முட்டை, வாசனை இலை என்பனவும் சேரும். கடைசியில் இறால். ஒரு கோப்பையே ஒருநேரச் சாப்பாட்டுக்குப் போதும். வாசிக்கும்போது எனக்கு நமது ஒடியற்கூழ்தான் நினைவுக்கு வந்தது. சேரும் பொருட்கள் வேறு. பானையைச் சுற்றி எல்லோரையும் இருத்திவைக்கும் தன்மை ஒன்று.

இந்தக் கூழ் கிடைக்கும் இடங்களுக்குப் ‘பிக்காந்தெரியா’ என்று பெயர். இவை தாய்க்குப் பின் மகள் என்று பெண்களே தலைமுறை தலைமுறையாக நடத்திவரும் சாப்பாட்டுக் கடைகள். வாரத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒவ்வொரு கூழ் உண்டு. நீண்ட மேசையில் முன்பின் அறியாதவர்களும் அருகருகே இருந்து உண்பார்கள். மிளகாயையும் வாசனை இலைகளையும் அரைப்பதற்கு ‘பாத்தான்’ என்ற பெரிய கல் உண்டு. அதாவது அவர்களது அம்மி. யந்திரத்தில் அரைத்தால் அந்தச் சுவை வராது என்பது அப்பெண்களின் உறுதியான கருத்து.

2014இல் பெரு அரசு அரெகிப்பாவின் பிக்காந்தெரியாக்களைத் தேசத்தின் பண்பாட்டு மரபுரிமையாகப் பிரகடனம் செய்தது. அரண்மனைகளுக்கும் கோயில்களுக்கும் கிடைக்கும் மரியாதை, புகை படிந்த அடுப்புக்கும் அம்மிக்கும் கிடைத்தது. 2010இல் மெக்சிக்கோவின் பாரம்பரியச் சமையலையும், 2023இல் பெருவின் ‘செவிச்சே’ என்ற உணவு மரபையும் யுனெஸ்கோ நிறுவனம் தனது மரபுரிமைப் பட்டியலில் சேர்த்திருப்பதும் இங்கு குறிப்பிடத்தக்கது.

இன்னொரு விடயம். பெருவில் ஒவ்வோர் ஆண்டும் டிசெம்பர் 20 முதல் மார்ச் 31 வரை ஆற்று இறால் பிடிப்பதற்குத் தடை. அது முட்டையிடும் காலம். அந்த நாட்களில் பிடித்தால் அடுத்த ஆண்டு பானை காலியாகும்.

தேங்காய்ப்பாலும் யுத்தமும்

கொலம்பியாவின் பசிபிக் கரைக்கு வரும்போது நமக்குப் பழக்கமான வாசம் வீசுகிறது. இங்கும் அயல்நாடான ஈக்குவடோரின் எஸ்மெரல்டாஸ் பிரதேசத்திலும் வாழ்பவர்களில் பலர், அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆபிரிக்க மக்களின் வழிவந்தவர்கள். அவர்கள் இறாலைத் தேங்காய்ப்பாலில் சமைக்கிறார்கள். அதற்கு ‘என்கொக்காதோ’ என்று பெயர். சோறும் பொரித்த வாழைக்காயும் அதற்குத் துணை.

இக்கறிக்கு வேண்டிய வாசனை இலைகளைப் பெண்கள் வீட்டருகே வளர்க்கிறார்கள். வெள்ளமும் கோழியும் எட்டாதவாறு, மரக் கால்களின் மேல் பழைய வள்ளத்தையோ பெட்டியையோ ஏற்றி, மண் நிரப்பி நடுவார்கள். அந்த மேடைத் தோட்டத்தை ‘அசொத்தேயா’ என்பார்கள். கறிக்கான இலையும் மருந்துக்கான மூலிகையும் அதிலேயே கிடைக்கும்.

கொலம்பியா பல தசாப்தங்களாக உள்நாட்டு யுத்தத்தை அனுபவித்த நாடு. அரசும் மிகப்பெரிய ஆயுதக் குழுவும் 2016இல் சமாதான உடன்படிக்கை செய்தபோதும், வன்முறை முற்றாக ஓயவில்லை. அந்நாட்டு அரசின் பதிவேட்டில் எண்பது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இடம்பெயர்ந்தவர்களாகப் பதிவாகியுள்ளனர். பசிபிக் கரை மிகவும் பாதிக்கப்பட்ட பகுதிகளுள் ஒன்று. ஓரிரவில் வீட்டைவிட்டு ஓடியவர்கள் வள்ளத்தையும் வலையையும் மேடைத் தோட்டத்தையும் விட்டுவிட்டே ஓடினார்கள். அந்த ஓட்டம் எப்படிப்பட்டது என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

கையில் எதுவும் இல்லாமல் நகரத்துக்கு வந்தவர்களிடம் சமையல் மட்டும் மிஞ்சியிருந்தது. காலி என்ற பெருநகரில் பசிபிக் கரை மக்களின் இசைவிழா ஒன்று 1997 முதல் ஆண்டுதோறும் நடைபெறுகிறது. பெத்ரோனியோ அல்வாரெஸ் என்ற இசைக் கலைஞரின் பெயரைத் தாங்கிய விழா அது. பாட்டுக்கு எவ்வளவு கூட்டமோ, பக்கத்தில் பாரம்பரியச் சமையற்காரப் பெண்கள் நடத்தும் உணவுக் கூடங்களுக்கும் அவ்வளவு கூட்டம். ஊரில் தாய் சமைத்த தேங்காய்ப்பால் இறாலைத் தேடி, ஊரை இழந்தவர்கள் அங்கே வருகிறார்கள்.

அதே கரையின் துறைமுக நகரான புவெனவெந்துராவில், இடம்பெயர்வாலும் பாலியல் வன்முறையாலும் பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் துணைநிற்கும் ‘புதுச் சிறகுகளுடைய வண்ணத்துப்பூச்சிகள்’ என்ற பெண்கள் வலையமைப்புக்கு, ஐக்கிய நாடுகள் அகதிகள் முகவரகத்தின் நான்சன் விருது 2014இல் வழங்கப்பட்டது. பாதிக்கப்பட்டவர்களே பாதிக்கப்பட்டவர்களின் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

இறால் பெருகினாலும் பங்கு யாருக்கு?

எல்லாக் கதையும் வெற்றிக் கதையல்ல. ஈக்குவடோரில் 1960களின் இறுதியில் இறால் பண்ணைகள் தொடங்கின. இன்று உலகின் மிகப்பெரிய இறால் ஏற்றுமதி நாடுகளுள் அது முன்னணியில் நிற்கிறது. 2022இல் மட்டும் பத்து இலட்சம் தொன்னுக்கு மேல் ஏற்றுமதி செய்தது. ஆனால் அப்பண்ணைகளுக்காகப் பெருமளவு கண்டற் காடுகள் அழிக்கப்பட்டன. கண்டற் சேற்றில் மட்டி பொறுக்கிப் பிள்ளைகளை வளர்த்த பெண்களுக்கு அது பேரிழப்பு. எஸ்மெரல்டாஸ் கரையில் பெண்கள் மீதமுள்ள கண்டல்களைக் காக்க வீதிக்கு வந்தார்கள். நமது புத்தளக் களப்பிலும் இறால் பண்ணைகளுக்காகக் கண்டல்கள் அழிக்கப்பட்டதை நாம் அறிவோம். நாட்டுக்கு அந்நியச் செலாவணி வருகிறது என்ற செய்தியைக் கேட்கும்போது, கரையில் நிற்கும் பெண்ணின் கைக்கு என்ன வருகிறது என்றும் கேட்கவேண்டும்.

நீங்களும் செய்து பாருங்கள்: என்கொக்காதோ

தேவையானவை: கோது கழற்றி நரம்பெடுத்த இறால் 500 கிராம், பெரிய வெங்காயம் 1, தக்காளி 2, கறிமிளகாய் 1, உள்ளி 4 பல், சீரகத்தூள் அரைத் தேக்கரண்டி, கட்டித் தேங்காய்ப்பால் ஒன்றரைக் கோப்பை, தேசிக்காய் பாதி, கொத்தமல்லி இலை, எண்ணெய், உப்பு. நிறத்துக்கு அங்கே ‘அச்சியோத்தே’ என்ற விதையைச் சேர்ப்பார்கள். நாம் ஒரு சிட்டிகை மஞ்சள் இடலாம்.

செய்முறை: இறாலில் தேசிக்காய்ப் புளி, உப்பு, பாதி உள்ளி பிசறிப் பத்து நிமிடம் வையுங்கள். சட்டியில் எண்ணெய் சூடானதும் வெங்காயம், மீதி உள்ளி, கறிமிளகாய் ஆகியவற்றை வதக்குங்கள். தக்காளியும் சீரகத்தூளும் மஞ்சளும் சேர்த்துக் கரையவிடுங்கள். தேங்காய்ப்பாலை ஊற்றி, சிறு தீயில் சற்றுத் தடிக்கும்வரை வையுங்கள். கடைசியாக இறாலைப் போட்டு, அது சிவந்து சுருண்டு உள்ளே வெண்மையாகும்வரை நான்கு ஐந்து நிமிடம் வேகவிட்டு, கொத்தமல்லி இலை தூவி இறக்குங்கள். கூடுதலாக வேகவைத்தால் இறால் இறப்பர்போல் ஆகிவிடும். அங்கே மிளகாயைக் கறியில் அரைத்து ஊற்றாமல் தனிச் சம்பலாக வைப்பதால், சிறு பிள்ளைகளும் உண்ணலாம்.

ஒரு எச்சரிக்கை. மெக்சிக்கோவிலும் பெருவிலும் பச்சை இறாலையோ மீனையோ தேசிக்காய்ப் புளியில் ஊறவைத்தே உண்ணும் வழக்கம் உண்டு. புளியில் இறாலின் நிறம் மாறினாலும் கிருமிகள் எல்லாம் சாவதில்லை. கர்ப்பிணிகளும் சிறுவர்களும் நோயாளிகளும் அவ்வாறு உண்ணவே கூடாது. இறால் ஒவ்வாமை உள்ளவர்கள் காய்ந்த இறால் தூளையும் தவிர்க்கவேண்டும்.

கூலி என்ற வரி

காதிஸ், மசத்லான், அரெகிப்பா, புவெனவெந்துரா. எந்த ஊரிலும் பெண்கள் புதிதாக ஒன்றைக் கற்றுக்கொண்டு தொடங்கவில்லை. அம்மம்மாவிடம் கற்றதையே செய்தார்கள். ஆனால் சில இடங்களில் அவர்கள் ஒன்றுசேர்ந்து, இது எங்கள் தொழில் என்று சொன்னார்கள். அதன்பிறகே நகரசபையும் அரசும் ஆய்வாளர்களும் அதைத் தொழில் என்று ஏற்றுக்கொண்டார்கள்.

சகோதரிகளே, உங்கள் அடுத்த சங்கக் கூட்டத்தில் மூன்று விடயங்களைச் செய்து பாருங்கள். உங்கள் ஊருக்கே உரிய ஓர் இறால் உணவின் பக்குவத்தை ஒரு கொப்பியில் எழுதிவையுங்கள். எழுதத் தெரியாத அம்மாமார் சொல்ல, பள்ளி செல்லும் பிள்ளைகள் எழுதட்டும். இரண்டாவதாக, நீங்கள் விற்கும் ஒரு கிலோவுக்கு எத்தனை மணித்தியாலம் செலவாகிறது என்று எண்ணுங்கள். மூன்றாவதாக, எந்த விலைக்குக் குறைந்து விற்பதில்லை என்பதை எல்லோரும் சேர்ந்து தீர்மானியுங்கள். ஒருவர் மட்டும் விலையைக் கூட்டினால் வியாபாரி அடுத்த வீட்டுக்குப் போவார். எல்லோரும் சேர்ந்து சொன்னால் உட்கார்ந்து பேசுவார்.

அடுத்த மாதம் அதே கிராமத்துக்குப் போனபோது, மசத்லான் பெண்களின் கதையைச் சொன்னேன். வாளியைப் பறிகொடுத்த இடம் வந்தபோது யாரும் சிரிக்கவில்லை. பிறகு அந்த மூத்த அம்மா எழுந்து வந்து வெண்கட்டியை வாங்கினார். அவிக்க, காயவைக்க, கோது கழற்ற, பொதி கட்ட என்று விரல்விட்டு எண்ணினார். ‘கூலி’ என்ற வரிக்கு நேரே அவர் எழுதிய தொகை சிறியதுதான். பின்னால் இருந்த ஒரு இளம் பெண், “காணாது அம்மம்மா, இன்னும் கூட்டிப் போடுங்கோ” என்றாள்.

அவர் அழித்துவிட்டுக் கூட்டி எழுதினார்.